முதல் பனியன்று வந்த பொட்டலம்

விடிவதற்குள் ஊர்ச் சத்தம் அடங்கியிருந்தது. நாய் குரைக்கவில்லை. ரொட்டிக்கடைக்குப் போகிறவர்களின் காலடி கேட்கவில்லை. தஸ்லீமா கண்ணைத் திறக்காமலே தெரிந்துகொண்டாள். தலைக்கு மேலே தகரக் கூரை கனத்துப்போய்க் கிடந்தது. முதல் பனி.

உடனே நினைவுக்கு வந்தவள் பக்கத்து வீட்டு மஸ்ரத். கணவன் இம்தியாஸின் அக்கா.

போன வருஷம் முதல் பனியன்று மஸ்ரத் ஓர் அட்டைப்பெட்டியை நீட்டி, "இம்தியாஸ் அனுப்பியிருக்கான், பிள்ளைங்களுக்கு பூட்ஸாம்" என்றாள். முகத்தில் ஓர் அசைவும் இல்லை. தஸ்லீமா இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். உள்ளே இருந்தது ஒரு குவியல் பனி. முதல் பனியை மறைத்துக் கொடுத்து ஏமாற்றுவது ஊர் வழக்கம். தெரியாமல் கையில் வாங்கியவர் தோற்றவர், விருந்து அவர் செலவு. தஸ்லீமா வீட்டிலிருந்த ஒரே சேவலை அறுத்து மஸ்ரத் வீட்டார் எல்லோருக்கும் சோறு போட்டாள். சேவல் போனதுகூடப் பெரிதில்லை. பிறகு எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மஸ்ரத் அந்தக் கதையைத்தான் எடுத்தாள். சுற்றியிருப்பவர்கள் சிரிக்க, தஸ்லீமாவும் சிரித்தபடி தட்டைப் பார்த்துச் சாப்பிட வேண்டியிருந்தது.

இந்த வருஷம் அது நடக்காது. பிள்ளைகள் எழுந்ததுமே சொல்லிவிட்டாள்: இன்று யார் எதைக் கொடுத்தாலும் கையில் வாங்கக்கூடாது.

"ரொட்டி கொடுத்தா?" என்றான் ஹாதி. அவனுக்கு நான்கு வயது.

"ரொட்டி கொடுத்தாலும்."

"அத்தை மிட்டாய் கொடுத்தா?"

"அத்தை கொடுத்தா கண்டிப்பா வாங்கக் கூடாது."

ஹாதி இரண்டு கையையும் ஃபெரனுக்குள், அந்தத் தொளதொளத்த நீளக் கம்பளி அங்கிக்குள், இழுத்துக்கொண்டான். சட்டைக் கைகள் காலியாகத் தொங்கின. அப்படியே நாள் முழுக்க நடக்கப்போவதாக அறிவித்தான்.

குளிர்கால விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடிய நாளிலிருந்து வீட்டில் கால் வைக்க இடமில்லை. மூன்று பிள்ளைகளும் ஒரே அறையில், ஒரே புகாரி அடுப்பைச் சுற்றி. மேலே கட்டிய கயிற்றில் கைக்குழந்தை ரிதாவின் துணிகள் எப்போதும் ஈரமாகத் தொங்கின. மின்சாரம் நேற்று இரவே போயிருந்தது. இம்தியாஸ் மின்கம்பி வேலைக்காரன். பனி விழுந்தால் ஊரெல்லாம் அவனைத் தேடும். அவன் வீட்டில்தான் முதலில் விளக்கு அணையும், கடைசியில் எரியும். மஸ்ரத்துக்கு அதிலும் ஒரு கேலி உண்டு.

பெரியவள் முந்தஹாவுக்கு ஏழு வயது. வசந்தத்தில் திடீரென்று இளைத்து, குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, ஒருநாள் மூச்சு இரைக்க மயங்கி விழுந்தாள். சர்க்கரை நோய் என்றார்கள். அதிலிருந்து காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. நகரத்து டாக்டர் சொன்னது தஸ்லீமாவுக்கு மனப்பாடம்: மருந்து சூடாகக்கூடாது. அதைவிட முக்கியம், உறையக்கூடாது. உறைந்துவிட்டால் பிறகு உருகினாலும் பயனில்லை, தண்ணீரைக் குத்துவதும் அதைக் குத்துவதும் ஒன்று. அதனால் கோடையில் மண்பானைக்குள் இருந்த புட்டியைக் குளிர்காலத்தில் கம்பளித் துணியில் சுற்றிச் சுவர் மாடத்தில் வைத்திருந்தாள். அடுப்புக்கும் தள்ளி, ஜன்னலுக்கும் தள்ளி.

அன்று காலை ஊசியோடு அந்தப் புட்டி தீர்ந்தது. சாய்த்துப் பிடித்து அடிவரை உறிஞ்சினாள். அவள் பதறவில்லை. சாயங்காலம் புதுப் புட்டியோடு வருவதாக இம்தியாஸ் முந்தின நாள் நகரத்து வேலையிலிருந்து போனில் சொல்லியிருந்தான்.

முற்பகலில் மஸ்ரத் வந்தாள். தலை, தோள் எல்லாம் வெள்ளை. கையில் செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலம்.

தஸ்லீமா அப்போது ரிதாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் காய்ந்த கத்திரி வற்றலைக் கழுவிக்கொண்டிருந்தாள். பொட்டலத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"இந்தா, பிடி" என்றாள் மஸ்ரத். "இம்தியாஸ் அனுப்பியிருக்கான்."

"யாரு கொண்டுவந்தா பாஜி?"

"சூமோ வண்டிக்காரன். பாலத்தோட திரும்பிட்டான், மேலே வரலையாம். ரொட்டிக்கடையில நின்னேன், என் கையில திணிச்சிட்டுப் போனான்."

"உள்ளே என்ன?"

"எனக்கென்ன தெரியும்? ஐஸ் மாதிரி சில்லுன்னு இருக்கு. சீக்கிரம் வாங்கி உள்ளே வை."

தஸ்லீமாவால் அடக்க முடியவில்லை. அதே சொற்கள், அதே முகம். பெட்டிக்குப் பதில் காகிதம், அவ்வளவுதான். ஒரு வருஷத்தில் புதிதாக ஒரு பொய்கூட யோசிக்கவில்லையா என்று கேட்டாள். மஸ்ரத்துக்குக் கோபம் வந்தது. அவள் கணவர் பஷீர் கூரைமேல் நின்று பனி தள்ளிக்கொண்டிருந்தார், கீழே ஏணியைப் பிடிக்க ஆளில்லை. நின்று பேச நேரமில்லாமல் பொட்டலத்தை வாசற்படியில் வைத்தாள்.

"வச்சிட்டேன். எடுத்தா எடு, எடுக்காட்டி போ" என்று சொல்லிவிட்டு, வந்த தடத்திலேயே கால் வைத்துத் திரும்பிப் போனாள்.

"மோஜி, தொடாதே" என்று அம்மாவை எச்சரித்தான் ஹாதி, ஃபெரனுக்குள்ளிருந்து.

தொடுவாளா அவள்? அடுப்பு இடுக்கியை எடுத்துவந்தாள். பொட்டலத்தை எலியைத் தூக்குவதுபோல் அதில் கவ்விப் பிடித்து, கையைப் பின்னால் வீசி, முற்றத்தில் எறிந்தாள். அது பனிக்குள் சத்தமில்லாமல் இறங்கியது. ஹாதி துள்ளிக் குதித்தான். முந்தஹா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். போன வருஷத்துக் கடனைத் தீர்த்துவிட்டதுபோல் தஸ்லீமாவுக்கு இருந்தது. வற்றலைக் கழுவும்போதும் தனக்குள் சிரித்துக்கொண்டாள். அடுத்த கல்யாணத்தில் கதை சொல்லப்போவது யார் என்று பார்க்கலாம்.

மதியத் தொழுகைக்குப் பிறகு கூரைப் பனி சரிந்தது. முதலில் ஓர் உறுமல், பிறகு வீடே அதிரும்படி ஒரு மோதல். ஜன்னலில் ஒட்டியிருந்த பாலித்தீன் தாள் உள்பக்கம் புடைத்து அடங்கியது. ரிதா அலறிக்கொண்டு விழித்தாள். நல்லதாகப் போயிற்று, கூரை ஏற ஆள் தேட வேண்டாம் என்றுதான் தஸ்லீமா நினைத்தாள்.

போன் அடித்தது அதற்கு வெகுநேரம் கழித்து. மாடிப்படி ஜன்னலோரம் வைத்திருந்தால் மட்டும் எப்போதாவது இணைப்பு கிடைக்கும். ஓடிப்போய் எடுத்தாள்.

இம்தியாஸின் குரல் விட்டுவிட்டு வந்தது. கம்பங்கள் சாய்ந்துவிட்டன. சாலை மூடிவிட்டது. நாளைக்கும் வர முடியுமா தெரியவில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் அவனே சொன்னான்: "மருந்து வந்துடுச்சில்ல? காலையிலேயே சூமோவில கொடுத்தனுப்பிட்டேன். என் பழைய கையுறைக்குள்ள போட்டு, பேப்பர் சுத்தி... தஸ்லீம்? கேக்குதா?"

இணைப்பு அறுந்தது.

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். கீழே ஹாதி ஏதோ பாடிக்கொண்டிருந்தான். பிறகு முந்தஹா தண்ணீர்ச் செம்பை நகர்த்தும் சத்தம் கேட்டது. அது இரண்டாவது தடவையா, மூன்றாவதா?

செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் வெளியே வந்தாள். காலையில் மெத்தென்று விரிந்திருந்த முற்றம் இப்போது இல்லை. கூரையிலிருந்து விழுந்த பனி வாசலிலிருந்து நடு முற்றம் வரை இடுப்புயரத்துக்குப் பாளம் பாளமாகக் கிடந்தது. மேலே புதுப்பனி விழுந்து தடங்களை மூடிக்கொண்டிருந்தது. எறிந்த இடம் எது? கை எந்தப் பக்கம் வீசியது? சிரித்தது நினைவிருந்தது. இடம் நினைவில்லை.

மண்வாரியை எடுத்து ஓங்கியவள் நின்றாள். உள்ளே இருப்பது கண்ணாடிப் புட்டி.

மண்வாரியைப் போட்டுவிட்டு மண்டியிட்டுக் கையால் தோண்ட ஆரம்பித்தாள்.

பனி ஒதுக்க வந்த மஸ்ரத் வேலிக்கு அப்பாலிருந்து பார்த்தாள். "என்னடி தேடுறே? மோதிரமா?"

தஸ்லீமா நிமிர்ந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் மஸ்ரத் சிரிப்பை நிறுத்திவிட்டு வேலியைத் தாண்டி வந்தாள்.

"அந்தப் பொட்டலம், பாஜி. முந்தஹாவோட மருந்து."

"உள்ளேதானே வச்சே?"

"எறிஞ்சிட்டேன்."

மஸ்ரத் முற்றத்தைப் பார்த்தாள். பாளங்களைப் பார்த்தாள். "நான் சொன்னேனே. இம்தியாஸ் அனுப்பினான்னு சொன்னேனே."

"போன வருஷமும் அதைத்தானே சொன்னீங்க."

மஸ்ரத் வளையல்களை முழங்கைக்கு ஏற்றிக்கொண்டு பக்கத்தில் மண்டியிட்டாள்.

பஷீரை ஊர் மருத்துவ நிலையத்துக்கு விரட்டினாள். அவர் முழங்காலளவு பனியில் போய்வந்து கையை விரித்தார். அங்கே அந்த மருந்து வைப்பதில்லை. ஊரில் சர்க்கரை உள்ள இன்னொருவர் மரக்கடை ஹாஜி. அவர் சாப்பிடுவது மாத்திரை. சாலை திறந்தால்தான் நகரம். பஷீர் மண்வாரியைத் தொட, இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் தடுத்தார்கள். அவரும் கையால்தான் பாளங்களைப் புரட்ட வேண்டியிருந்தது. மஸ்ரத் தன் வீட்டிலிருந்து இரண்டு மரக்கரண்டிகளைக் கொண்டுவந்தாள், கல்யாணச் சோறு கிளறுகிறவை.

பிள்ளைகள் வாசலில் வந்து நின்றார்கள். முந்தஹாவின் இடுப்பில் ரிதா. எறிந்த பொட்டலம் வாதுமை மரத்துக்குப் போயிற்று என்று ஹாதி அடித்துச் சொன்னான். இல்லை, வேலிப் பக்கம் என்றாள் முந்தஹா. இருவர் சொன்ன இடத்திலும் தோண்டினார்கள். ஒரு பழைய செருப்பும் உடைந்த வாளியின் கைப்பிடியும் கிடைத்தன.

"மோஜி" என்றாள் முந்தஹா. "காலையில சிரிச்சோமே, அதா?"

"உள்ளே போ. குளிர்."

"இன்னைக்கு ஊசி கிடையாதா அப்போ?"

மற்ற நாட்களில் இந்தக் கேள்வியில் ஒரு ஆசை இருக்கும். இன்று இல்லை. தஸ்லீமா ஏறிட்டுப் பார்க்காமல் தோண்டினாள். மகளின் உதடுகள் வறண்டிருந்ததை வாசலைக் கடக்கும்போதே பார்த்துவிட்டிருந்தாள். இப்போது உள்ளே செம்பு மிக மெதுவாக நகர்ந்தது, சத்தம் வராமல் எடுப்பதுபோல. பிள்ளை ஒளித்துக் குடிக்கிறாள்.

விரல்கள் முதலில் எரிந்தன, பிறகு அவளுடையவையாக இல்லாமல் போயின. வெளிச்சம் குறைந்தது. மேகம் கலைய ஆரம்பித்ததும் அவள் பயம் இன்னும் கூடியது. வானம் தெளிந்தால் குளிர் இறங்கும். பனிக்குள் புதைந்திருக்கும்வரை ஒருவேளை மருந்து தாங்கும். ஆனால் ஓரத்தில், பாளத்துக்கு வெளியே, வெறும் காற்றில் கிடந்தால்? இந்நேரம் உறைந்திருக்கும். கிடைத்தும் புண்ணியமில்லை. இதை அவள் மஸ்ரத்திடம் சொல்லவில்லை. ஆளுக்கொரு பயம் போதும்.

பஷீர் விளக்கு எடுத்துவரப் போனார். அப்போது மஸ்ரத் எழுந்து வாசற்படியில் போய் நின்றாள்.

"எந்தக் கையால எறிஞ்சே?"

"இடுக்கியால."

"சரி, இடுக்கி எந்தக் கையில?"

தஸ்லீமா யோசித்தாள். வலது இடுப்பில் ரிதா இருந்தாள். வற்றலைக் கழுவியதே இடது கையால்தான். "இடது" என்றாள்.

மஸ்ரத் இடது கையைப் பின்னுக்கு இழுத்து, ஒன்றுமில்லாததை வீசினாள். கை தானாக வலப்பக்கமாகச் சாய்ந்து போனது, தூரமும் போகவில்லை. விறகு அடுக்குக்கு இப்பால், கூரை விளிம்புக்கு நேர் கீழே. அவர்கள் இதுவரை தொடாத பெரிய பாளம் அங்கேதான் கிடந்தது.

பஷீர் விளக்கோடு வந்ததும் மூவரும் சேர்ந்து பாளத்தைப் புரட்டினார்கள். அடியில் இருந்த பனி மென்மையாக இருந்தது. மஸ்ரத் குப்புறப் படுத்துத் தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். கன்னம் பனியில் அழுந்தியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு கண்ணைத் திறந்தாள்.

வெளியே வந்த கையில் ஒரு வெள்ளை உருண்டை இருந்தது. செய்தித்தாள் ஊறிக் கிழிந்து, அதன்மேல் பனி அப்பியிருந்தது. எழுந்து முழங்காலில் நின்று அதை அப்படியே நீட்டினாள். உதறக்கூட இல்லை.

"இந்தா, பிடி."

தஸ்லீமா இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

உள்ளே போய், அடுப்புக்குத் தள்ளி உட்கார்ந்து பிரித்தார்கள். இம்தியாஸின் தடித்த தோல் கையுறை. அதற்குள் அட்டைப்பெட்டி, ஓரம் நசுங்கியிருந்தது. புட்டி உடையவில்லை. தஸ்லீமா மூச்சுவிட்டாள், ஆனால் பாதிதான். மரத்த கைகளை அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு, புட்டியை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினாள். காங்ரிச் சட்டியின் கனலைக் கிளறிவிட்டு, அதன் சிவந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நல்ல மருந்து பால்போல ஒரே சீராகக் கலங்கும். கெட்டது திரிந்த பால்போலக் கட்டிகட்டியாகக் கண்ணாடியில் ஒட்டும்.

"என்ன?" என்றாள் மஸ்ரத்.

"விளக்கைக் கொண்டாங்க."

பஷீர் விளக்கைக் கிட்டே பிடித்தார். மறுபடி உருட்டினாள். கட்டி தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாமலும் கெட்டிருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை நினைக்காமல் இருக்க முயன்றாள், முடியவில்லை.

முந்தஹாவின் விரலில் குத்தி மீட்டரில் சர்க்கரை அளவைப் பார்த்தாள். நானூற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. ஊசியை நிரப்பினாள். மரத்த விரல்களில் ஊசி நிற்கவில்லை. மஸ்ரத் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், ஊசி நிலைக்கும்வரை. முந்தஹா தானே ஃபெரனைத் தூக்கி வயிற்றைக் காட்டினாள். முகம் சுளிக்கவில்லை.

இனி காத்திருக்க வேண்டும். எண் இறங்கினால் மருந்து நல்ல மருந்து. இறங்காவிட்டால்? வேறு புட்டியும் இல்லை, சாலையும் இல்லை. இறங்குவது தெரியாமல் சோறும் போட முடியாது. அடுப்பில் சோறு வெந்து வாசனை அறையை நிறைத்தது. பசிக்கிறது என்றாள் முந்தஹா. கொஞ்சம் பொறு என்றாள் தஸ்லீமா. ஹாதியும் அக்காவோடுதான் சாப்பிடுவேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தான்.

மஸ்ரத் வீட்டுக்குப் போகவில்லை. அவள் வீட்டிலும் அடுப்பு காத்திருந்தது. பஷீரை அனுப்பிவிட்டு ரிதாவை மடியில் போட்டுத் தட்டினாள். யாரையும் கேலி செய்யவில்லை. அது தஸ்லீமாவை இன்னும் பயமுறுத்தியது. ஒரு தடவை மட்டும், ரிதாவைப் பார்த்தபடி, "பூட்ஸ்னு நான் சொல்லியிருக்கக் கூடாது. அவன் பேரைச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள்.

தஸ்லீமா முந்தஹாவின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். "நான் பிரிச்சுப் பாத்திருக்கலாம்" என்றாள்.

இரவு இஷா தொழுகைக்கான அழைப்பு கேட்டது. மின்சாரம் இல்லாததால் ஒலிபெருக்கி இல்லை. யாரோ வெறும் குரலால் அழைத்தார்கள். அது முடிந்ததும் தஸ்லீமா இன்னொரு விரலில் குத்தினாள். மீட்டர் யோசித்தது. மஸ்ரத் எட்டிப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்தாள்.

முந்நூற்றுப் பத்து.

தஸ்லீமா மீட்டரைத் திருப்பிக் காட்டினாள். அது நல்ல எண்ணா கெட்ட எண்ணா என்று மஸ்ரத்துக்குத் தெரியவில்லை.

"இறங்குது, பாஜி."

"இறங்குதா?"

"இறங்குது."

மஸ்ரத் முக்காட்டை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ரிதாவைத் தரையில் கிடத்திவிட்டு எழுந்து, அது தன் சமையலறை என்பதுபோல் சோற்றுப் பானையைத் திறந்தாள். வற்றல் குழம்பை ஊற்றி, முந்தஹாவுக்கு ஒரு தட்டு, அளவாக. அவள் வாங்கிக்கொண்டாள். அடுத்த தட்டை ஹாதியிடம் நீட்டினாள்.

ஹாதி தட்டைப் பார்த்தான். ஆவி வந்துகொண்டிருந்தது. பசியில் எச்சில் விழுங்கினான். ஆனால் கைகள் ஃபெரனுக்குள்ளேயே இருந்தன.

"வாங்குடா" என்றாள் மஸ்ரத்.

அவன் தலையை ஆட்டினான். "அத்தை கொடுத்தா வாங்கக் கூடாது."

மஸ்ரத்தின் கை நீட்டியபடியே நின்றது. அந்தக் கையில் முழங்கைவரை தோல் சிவந்து வெடித்திருந்தது.

"வாங்கு" என்றாள் தஸ்லீமா. "அத்தை என்ன கொடுத்தாலும் வாங்கு."

ஹாதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பெரியவர்கள் சொல்லை மாற்றுவது அவனுக்குப் பிடிக்காது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஃபெரனின் கழுத்து வழியாக ஒரே ஒரு கையை வெளியே விட்டான்.